களப்புச் சேற்றுக்கு இறுக்கச் சோதனை: செய்யும் முறையும் எண்கள் பிழையாகும் இடங்களும்

திருகோணமலைப் பக்கம் கிண்ணியாவிலோ தம்பலகாமத்திலோ களப்போரத்தில் கட்டடம் எழுப்பும் முன், அடியிலுள்ள மென்களி எவ்வளவு அமிழும், அதற்கு எத்தனை காலம் பிடிக்கும் என்று ஈடோமீட்டரில் பார்க்கிறோம்: வளையத்தில் அடைத்த களித் துண்டின் மேலும் கீழும் நீர் வடியும் கல் வைத்து, படிப்படியாக எடை ஏற்றி, அது அமிழ்வதை அளக்கும் கருவி. இதுதான் இறுக்கச் சோதனை. ஒரே குழாயில் வெட்டிய இரு துண்டுகள்கூட வேறு வேறு விடை தரலாம். அந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு நம் கைப்பட வந்தது.

படி 1: குழாயிலிருந்து வளையத்துக்கு

முழுச் சோதனையிலும் அதிகம் கெடுவது இங்கேதான். மெல்லிய சுவர்க் குழாயின் இரு முனையையும் மெழுகால் அடைத்து, நிமிர்த்தியபடி கொண்டுவாருங்கள். லொறியில் படுக்கப்போட்டுக் குலுங்கி வந்த களி கலங்கிவிட்டது என்றே கொள்ளுங்கள். முனைகளை ஒதுக்கி நடுப்பகுதியை எடுங்கள்.

75 மில்லிமீற்றர் விட்டமும் 20 மில்லிமீற்றர் உயரமும் உள்ள வளையத்தின் உட்சுவரில் சிலிக்கன் கிறீஸை மெல்லிதாகப் பூசுங்கள். பூசாவிட்டால் எடையில் ஒரு பங்கைச் சுவர் உராய்வு தாங்கிக்கொள்ளும். களியைச் சுற்றிலும் செதுக்கிச் செதுக்கி வளையத்தை இறக்குங்கள். சிப்பித்துண்டு தட்டுப்பட்டால் கம்பியால் இழுக்காமல் கிள்ளி எடுத்து, அந்தக் குழியைச் செதுக்கிய களியால் நிரப்புங்கள்.

அழுத்தம் ஏற ஏறக் களி அமிழ்வதைக் காட்டும் வளைகோடு ஓரிடத்தில் முறிந்து செங்குத்தாகச் சரியும்; கலங்கிய களியில் அந்த முறிவு தெரியாது. முன்னிறுக்க அழுத்தம், அதாவது களி முன்பு தாங்கிய மிகப்பெரிய அழுத்தம், குறைவாக வரும். அதைத் தாண்டிய சரிவும் மட்டுப்படும். நிலத்தில் இருந்த அழுத்தத்தை எட்டியதும், வெற்றிட விகிதம் (துளைகளின் கனவளவுக்கும் திண்ம மண்ணின் கனவளவுக்கும் உள்ள விகிதம்) குறைந்த அளவை ஆரம்ப வெற்றிட விகிதத்தால் வகுத்துப் பாருங்கள். 0.04க்குள் என்றால் நல்ல மாதிரி. 0.14ஐத் தாண்டினால் அதை வைத்து முன்னிறுக்க அழுத்தம் எழுதவே கூடாது.

படி 2: தண்ணீர்

நுண்துளைக் கற்களைக் கொதிக்கவைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். களப்புக் களியின் துளைகளில் உள்ள நீர் (துளைநீர்) உவர்ப்பானது. காய்ச்சி வடித்த நீரை ஊற்றினால் உப்பு மெல்லக் கசிந்து களியின் குணமே மாறும். துளைநீரின் உவர்ப்புக்கு ஒத்த நீரை ஊற்றுங்கள். ஊற்றியதும் மண் வீங்குவதாக, அமிழ்வை அளக்கும் டயல் மானி காட்டினால் உடனே சிறிது எடை சேருங்கள்.

படி 3: எடை

5 கிலோபாஸ்கலில் தொடங்கி 10, 20, 40 என இரட்டித்துப் போங்கள். எடுத்த எடுப்பில் 50 வைத்தால் களி கல்லின் ஓரத்தால் பிதுங்கும். இந்த வளையத்துக்கு 10 கிலோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 4.5 கிலோகிராம், எடையைப் பத்து மடங்காக்கும் நெம்பில் 450 கிராம். ஒவ்வொரு எடையும் 24 மணி நேரம் நிற்கட்டும். வெள்ளிக்கிழமை ஏற்றியது திங்கள்வரை நின்றால் நீர் வடிந்த பிறகும் மெல்லத் தொடரும் இரண்டாம் நிலை அமிழ்வும் சேர்ந்து, அடுத்த எடைக்குக் களி விறைப்பாக நிற்கும். வார இறுதியிலும் ஒருவர் வரவேண்டும்.

படி 4: அறை வெப்பம்

நீரின் பிசுக்குமை 20 பாகையில் இருப்பதைவிட 30 பாகையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு; அதனால் அதே களி 25 வீதம்வரை வேகமாக வடியும். முன்னிறுக்க அழுத்தமும் சற்று இறங்கும். பகலில் ஏசி, இரவில் புழுக்கம் என்றால் டயல் மானி மண்ணின் அசைவோடு வெப்பத்தின் அசைவையும் காட்டும். ஒவ்வொரு வாசிப்பின் பக்கத்திலும் வெப்பநிலையை எழுதுங்கள்.

படி 5: காலக் கணக்கு

இருபக்கமும் வடியும் 20 மில்லிமீற்றர் துண்டில் நீர் ஓடும் தூரம் 10 மில்லிமீற்றர். அப்படியே இருபக்கமும் வடியும் 4 மீற்றர் களிப் படையில் அது 2 மீற்றர்: 200 மடங்கு தூரம், 40,000 மடங்கு காலம். துண்டில் 30 நிமிடத்தில் முடிந்த 90 வீத இறுக்கம் நிலத்தில் 2 வருடத்துக்கு மேல் எடுக்கும்.

ஆனால் மகாவலி கொண்டுவந்து கொட்டிய கொட்டியாரக் குடாப் பக்கத்து மண்ணில் களிக்கு நடுவே மெல்லிய மணல் இழை ஓடினால் நீர் அதன் வழியே பக்கவாட்டில் தப்பும்; 20 மில்லிமீற்றர் துண்டு அதைக் காட்டாது. மிச்சக் குழாய் மண்ணை நெடுக்காகப் பிளந்து ஒரு பாதியைக் காயவிடுங்கள். முதலில் வெளுப்பது மணல் இழை.