மிரர்லெஸ் கேமரா: கடையிலேயே பார்க்க வேண்டியது

நடுத்தர விலை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) வாங்கக் கோவைக்குப் போகிறீர்களா? மெகாபிக்சல் கணக்கை விடுங்கள், எலக்ட்ரானிக் ஷட்டரைச் சோதியுங்கள்; அதில் திரை அசையாது, படம் பதியும் சென்சாரே வரிவரியாகப் படிக்கும். ஷட்டர் வேகத்தை 1/1000 நொடி வைத்து, ஓடும் சீலிங் ஃபேனை எடுங்கள். இறக்கை அரிவாள் மாதிரி வளைந்தால் சென்சார் மெதுவாகப் படிக்கிறது. ரேக்ளா பந்தயத்தில் வண்டிச் சக்கரமும் இப்படித்தான் கோணும்.

அதே வேகத்தில், மலிவான எல்இடி விளக்கடியில் வெள்ளைச் சுவரை எடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்கு நொடிக்கு 100 தடவை துடிப்பதால் படத்தில் பட்டைபட்டையாக விழும். தறிக்கூடத்தில் எடுப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இதுதான். மெக்கானிக்கல் ஷட்டரில் (நிஜத் திரை திறந்து மூடுவது) 1/100 நொடிக்கு இறங்கினால் பெரும்பாலும் போய்விடும்.

பழைய கேமரா என்றால் லென்ஸ் துளையை எஃப்/16 என்று சிறிதாக வைத்து, ஃபோகஸ் இல்லாமல் வானத்தை ஒரு படம். சென்சாரில் தூசி இருந்தால் கரும்புள்ளியாகத் தெரியும். பஞ்சு பறக்கிற திருப்பூர்ப் பக்கத்துக் கேமராவுக்கு இது கட்டாயம்.