டெங்குவில் தட்டணு எண்ணிக்கையை வாசிப்பது எப்படி?

டெங்கு உறுதியானதும் வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு?" என்பதுதான். அந்த எண்ணைச் சரியாக வாசிக்க, பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்கள் ரத்தக் கசிவை அடைப்பதோடு வைரஸை எதிர்க்கவும் செய்கின்றன என்பது முதலில் தெரிந்திருக்க வேண்டும்.

எலும்பு மஜ்ஜையிலுள்ள மெகாகேரியோசைட் என்னும் பெரிய செல்களிலிருந்து பிரியும் இந்த உட்கருவற்ற துணுக்குகள் 7 முதல் 10 நாள்கள் வரை ரத்தத்தில் சுற்றி வருகின்றன. வைரஸை இனங்காணும் ஏற்பிகள் இவற்றிடம் உண்டு. டெங்கு வைரஸ் டி.சி-சைன் என்னும் ஏற்பியைப் பற்றிக்கொள்ள, தூண்டப்பட்ட தட்டணு தன் துகள்களில் சேமித்திருந்த புரதங்களை வெளியே விடுகிறது. அதுவரை உள்ளே இருந்த பி-செலக்டின் மேற்பரப்புக்கு வந்து, வெள்ளையணுக்களோடு தட்டணுவைப் பிணைத்து அவற்றையும் உசுப்பிவிடுகிறது. இப்படிச் செயல்பட்ட தட்டணுக்கள் விரைவில் ரத்தத்திலிருந்து அகற்றப்படுகின்றன. அதே நாள்களில் மஜ்ஜையின் உற்பத்தியும் மந்தமாகிறது. ஆகவே, எண்ணிக்கை குறைவதில் ஒரு பங்கு, அவை எதிர்ப்பில் ஈடுபட்டதன் விளைவே.

அறிக்கை கைக்கு வந்ததும் அலகைப் பாருங்கள். ஒரு கன மில்லிமீட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இயல்பு. ஓர் ஆய்வகம் 1.2 லட்சம் என்றும் இன்னொன்று ஆயிரக்கணக்கில் 120 என்றும் அச்சிட்டால் இரண்டும் ஒன்றுதான். நோயாளிக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமல் எண்ணிக்கை மட்டும் திடீரென மிகக் குறைந்திருந்தால், மாதிரிக் குழாயில் தட்டணுக்கள் திரண்டு ஒட்டியிருக்கக்கூடும் என்பதால், கண்ணாடித் தகட்டில் தடவிய ரத்தப் பூச்சை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்யும்படி கேளுங்கள்.

அடுத்து, ஒரே தாளில் காய்ச்சலின் நாள், தட்டணு, வெள்ளையணு, பி.சி.வி. எனப்படும் ஹீமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைத்திருக்கும் பங்கு) ஆகியவற்றை வரிசையாக எழுதிவாருங்கள். என் கருத்தில், தட்டணுவைவிட அதிகக் கவனம் பெறவேண்டியது இந்த ஹீமட்டோகிரிட்தான். இரண்டாம் நாள் 36 சதவீதமாக இருந்தது ஐந்தாம் நாள் 44 ஆகி, தட்டணுவும் வேகமாகச் சரிந்தால், ரத்தக்குழாயிலிருந்து ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கசிகிறது என்று பொருள். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்தக் கசிவால் வருகிறது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று குடும்பம் நிம்மதி அடையும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரையிலான கட்டத்தில்தான் இது தொடங்கும். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடத்தல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் கழிக்காதிருத்தல் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அடுத்த அறிக்கைக்குக் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

காய்ச்சலுக்கு, மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின் எடுத்தால், எஞ்சியிருக்கும் தட்டணுக்களும் தம் ஆயுள் முடியும்வரை சரிவரச் செயல்படா. இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவையும் வேண்டாம்.

தட்டணு ஏற்றச்சொல்லி மருத்துவரை வற்புறுத்தாதீர்கள். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், 20,000-க்கோ அதற்குக் கீழோ குறைந்தும் பெரிய ரத்தக்கசிவு இல்லாத பெரியவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை; ஏற்றியவர்களிடம் ஒவ்வாமை போன்ற பாதிப்புகளே கூடுதலாகத் தெரிந்தன. பப்பாளி இலைச்சாற்றைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஏழாம் நாளையொட்டி எண்ணிக்கை பெரும்பாலும் தானாகவே ஏறும் என்பதால், அப்போது எதைக் குடித்தாலும் அதனால் ஏறியதாகவே தோன்றும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவை வயிற்றில் தங்கவேண்டிய நேரத்தில், குமட்டலை உண்டாக்கும் எதையும் கொடுக்காமலிருப்பதே நல்லது.

மீண்டு வரும்போது பொதுவாக வெள்ளையணு முதலில் உயரும். தட்டணு அதற்குப் பின்னரே ஏறும். காய்ச்சல் இல்லாமல் 48 மணி நேரம் கடந்து, பசி திரும்பி, நரம்பு வழியே திரவம் ஏற்றாமலேயே ஹீமட்டோகிரிட் நிலையாக நின்று, தட்டணு ஏறுமுகமாக இருந்தால், அது இன்னும் ஒரு லட்சத்தைத் தொடாவிட்டாலும், வீட்டுக்குச் செல்வது பற்றி மருத்துவரிடம் பேசலாம்.