சினிமா பூங்காவுக்கு டிக்கட் எடுக்கும் முன்

டிசம்பர் லீவுக்கு சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முதலில் பென்சிலும் அளவுநாடாவும் எடுங்கள். கதவு நிலையில் 102, 122, 125 சென்டிமீட்டரில் மூன்று கோடு போட்டு, பிள்ளைகளைச் செருப்பில்லாமல் நிறுத்திப் பாருங்கள். ட்ரான்ஸ்ஃபோமர்ஸ் சவாரிக்குக் குறைந்தது 102 வேண்டும், ‘மம்மி’ சவாரிக்கு 122, பெரிய ரோலர் கோஸ்டருக்கு 125. மேல் கோட்டைத் தொடாத பிள்ளைக்கும் ராட்டினம் போன்ற சின்னச் சவாரிகள் உண்டு. ஆனால் அக்கா ஏறித் தம்பி ஏற முடியாமல் போனால் வரும் அழுகையை யார் சமாளிப்பது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளையோடு தாய் வெளியே நிற்க, தகப்பன் போய்வந்ததும், மறுபடி வரிசையில் நிற்காமல் தாய் ஏறலாம். இதை வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள்.

பெரியவர்களுக்கு வேறு சோதனை. கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுப்பவருக்கு முப்பரிமாணத் திரைச் சவாரி சரிவராது. பிரஷர், இதய வருத்தம், முதுகுவலி உள்ளவர்களுக்கும் வேகச் சவாரிகள் வேண்டாம்.

அப்புறம் வெயில். நுவரெலியாக் குளிரில் இருந்து போகும் அம்மாயிக்கு அங்கத்தைய 31 பாகைப் புழுக்கம் பத்து மணிக்கே தாங்காது. அவர் நிழலில் உட்கார்ந்தே இருப்பார் என்றால், அவருக்கும் சேர்த்து முழு டிக்கட் எடுப்பது வீண் என்பேன். அதைவிட பஸ்ஸிலேயே செட்களைச் சுற்றிக் காட்டும் ஹைதராபாத் ராமோஜி பிலிம் சிட்டி அவருக்குத் தோதுப்படும்.