தறி தின்ற காது: அப்பாவுக்குப் பேச்சுக் கேட்க நாங்கள் செய்தவை

எங்கப்பா குமாரபாளையத்தில் 34 வருஷம் விசைத்தறி ஓட்டினார். பட்டறைக்குள் பக்கத்து ஆளிடம்கூடக் கையைக் காட்டித்தான் பேச முடியும். தறியை விட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது வீட்டுப் பேச்சும் அவருக்கு எட்டவில்லை. "சத்தம் கேக்குது அம்மிணி, என்ன சொல்றீங்கனுதான் தெரியல" என்பார். நாங்கள் இன்னும் கத்துவோம். அவர் சொன்னதில்தான் விஷயமே இருந்தது என்று புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. உங்கள் வீட்டில் அவ்வளவு நாள் வீணாக வேண்டாம்.

முதலில் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தாலும் காது மந்தமாகும். அதை எடுத்துவிட்டு, காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் ஆடியாலஜிஸ்ட்டிடம் போங்கள். சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து ஆடியோகிராம் எடுப்பார்; எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று கோடு போட்டுக் காட்டும் தாள் அது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கி பத்திரப்படுத்துங்கள். சுருதியை ஹெர்ட்ஸில் அளப்பார்கள்; எண் கூடினால் சுருதி மேலே. அப்பாவின் தாளில் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை சுமாராக ஓடி, 4000-இல் பள்ளத்தில் விழுந்திருந்தது. வருஷக்கணக்காக இரைச்சலில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் அடி விழும். உயிரெழுத்தின் ஓசை பெரும்பாலும் கீழ்ச் சுருதியில் இருக்கிறது. க, ச, ட, த, ப எது என்று காட்டிக்கொடுக்கும் ஓசை மேல் சுருதியில். அதனால் தட்டு, கட்டு, பட்டு மூன்றும் அப்பாவுக்கு ஒன்றுதான். நாம் கத்தினால் உயிரெழுத்து வீங்கும், வல்லினம் அப்படியே கிடக்கும். கத்தாதீர்கள். எதிரே வந்து, முகத்தில் வெளிச்சம் விழ நின்று, கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள்.

பரிசோதனை இல்லாமல் காது மிஷின் வாங்கவே கூடாது. நான் வாங்கினேன், ஒரு கடையில், 3,000 ரூபாய்க்கு. எல்லாச் சத்தத்தையும் ஒன்றுபோலக் கூட்டியது. அம்மா கரண்டியைச் சிங்கில் போட்ட ஓசையில் துடித்துப்போய்க் கழற்றிய அப்பா எட்டு மாதம் அதைத் தொடவில்லை. அடுத்ததை அவருடைய ஆடியோகிராமுக்கு ஏற்ப கம்ப்யூட்டரில் சரிசெய்து கொடுத்தார்கள். அதற்கும் பழக்கம் வேண்டும்: முதல் வாரம் அமைதியான அறையில் தினம் இரண்டு மணி நேரம், பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கீச்சென்று விசிலடித்தால் காதுக்குள் போகும் அச்சு சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம், அழுத்திப் பொருத்துங்கள். கைக்காசு இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். ஊனச் சான்றிதழ் இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் வழி உண்டு.

நல்ல மிஷின் போட்டும் அப்பா விசேஷ வீடுகளில் ஊமையாகவே உட்கார்ந்திருந்தார். காரணம் தூரம். திறந்த வெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு மடங்கானால் குரல் 6 டெசிபல் (சத்தத்தின் அளவு) இறங்கும். மண்டபத்து மேளமும் பாத்திரச் சத்தமும் இறங்குவதில்லை. காதில் இருக்கும் மிஷின் இரண்டையும் சேர்த்துத்தான் கூட்டும். இதற்கு மருந்து, மைக்கைப் பேசுபவரின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோவது.

அதற்கென்றே சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் இருக்கிறது. பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் கீழே குத்த வேண்டும். சேலை மடிப்புக்குள் புதைந்தால் உரசல்தான் கேட்கும். குரல் கம்பியில்லாமல் நேராகக் காது மிஷினுக்குப் போகும். பெரும்பாலும் மிஷின் எந்தக் கம்பெனியோ அந்தக் கம்பெனி மைக்தான் சேரும். அதனால் மிஷின் வாங்கும் அன்றே "இதுக்கு மைக் உண்டா, என்ன விலை?" என்று கேட்டுவிடுங்கள். மைக்கைக் குத்தியவர் அடுத்த அறைக்குப் போய்ப் பேசுவதும் இவர் காதில் விழும். போகும்போது அணைத்துவிட வேண்டும். தங்கச்சி வீட்டுப் புதுமனை புகுவிழாவில் அதைப் பெரியப்பா சட்டையில் குத்திவிட்டேன். இரண்டு கிழவர்களும் பந்தி முடியும்வரை நூல் விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தபோது எட்டு மாதத்தை வீணாக்கிவிட்டோமே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

மிஷின் வாங்கும் அன்று இன்னொன்றும் கேளுங்கள்: டெலிகாயில் இருக்கிறதா? மிஷினுக்குள் இருக்கும் சின்னச் செம்புக் கம்பிச் சுருள் அது. கழுத்தில் மாட்டும் லூப் என்ற கம்பி வளையத்திலிருந்து வரும் காந்த அலையை அது பிடித்துக் குரலாக்கும். அறை இரைச்சல் சேராது. பல சின்ன மிஷின்களில் இது இருக்காது. இருந்தாலும் ஆடியாலஜிஸ்ட் அதை இயக்கிவிட்டால்தான் வேலை செய்யும்.

மிஷினே வேண்டாம் என்று அடம்பிடிப்பவர்களுக்கும், விரல் நடுங்குபவர்களுக்கும் பாக்கெட் ஆம்ப்ளிஃபையர் நல்லது. கையடக்கப் பெட்டி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது டாக்டர் சொன்னதை அவரே கேட்டுப் பதில் சொன்னது இதனால்தான். ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு மாட்டி, பிறகு கூட்டுங்கள்.

டிவிச் சத்தத்தை நேராகக் காதுக்கு அனுப்ப, டிவிக்கு அருகே வைக்கும் டிரான்ஸ்மிட்டர் பெட்டி தனி. டிவியின் ஆப்டிகல் துளையில் செருகிய பிறகும் சத்தம் வராவிட்டால், டிவி செட்டிங்கில் டிஜிட்டல் ஒலியை பிசிஎம் (PCM) என்று மாற்றிப் பாருங்கள். எங்களுக்கு அதில்தான் ஒரு நாள் போனது. சாதாரண ப்ளூடூத் ஹெட்போனில் உதடு முன்னே, குரல் பின்னே வரலாம். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்பவர்களுக்கு அது பெரிய தொல்லை.

ஆண்ட்ராய்டு போனில் லைவ் டிரான்ஸ்கிரைப் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. மொழியில் தமிழைத் தேர்ந்தெடுத்தால் எதிரே பேசுவது எழுத்தாக ஓடும். எங்கள் கொங்குப் பேச்சை அங்கங்கே தப்பாக எழுதும். ஆனாலும் பேங்க் கவுண்டரில் போதும். காலிங் பெல் அடித்தால் மின்னும் விளக்கும், தலையணைக்கடியில் அதிரும் அலாரமும் வாங்கிக்கொள்ளலாம்.

பேட்டரி விஷயத்தில் நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். வேலை மிச்சம் என்று ஒரு அட்டையிலிருந்த ஆறு பேட்டரிகளின் ஸ்டிக்கரையும் ஒரே நாளில் உரித்துவிட்டேன். இவை காற்றுப் பட்டதும் வேலையைத் தொடங்கும் துத்தநாகப் பேட்டரிகள். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் நிற்காது. போடப்போகும்போது மட்டும் உரித்து, ஒரு நிமிஷம் காற்றில் வைத்துவிட்டு மூடுங்கள். ஸ்டிக்கர் நிறத்தை நினைவில் வைத்தால் கடையில் குழப்பமில்லை: பேட்டரி அளவு எண் 675-க்கு நீலம், 13-க்கு ஆரஞ்சு, 312-க்குப் பழுப்பு, 10-க்கு மஞ்சள். ராத்திரி கழற்றியதும் துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். ஐப்பசி மழையில் இதை ஒரு நாளும் விடாதீர்கள்.