நிலக்காட்சி ஓவியம் பார்க்கப் போகிறீர்களா?

நம்ம குமரி மாவட்டத்து மலையையும் கடலையும் வைத்து வரைந்த தற்கால ஓவியங்களைப் பார்க்கப் போனால், பெயர்ச்சீட்டை உடனே படிக்காதீர்கள். முதலில் நிறத்தைப் பாருங்கள். கறுப்பும் செம்பழுப்புமாக ஒரு பட்டை, சிலருக்கு வெறும் கோடு. மணவாளக்குறிச்சிக் கரையில் நடந்தவர்களுக்கு அது மணல்: அதிலுள்ள இல்மனைட் என்ற கனிமம் கறுப்பாகவும் கார்னெட் என்ற கனிமம் சிவப்பாகவும், அலை ஒதுக்கிய வரிவரியாகக் கிடக்கும். பிள்ளைகளோடு போகிறீர்கள் என்றால் முந்தின நாள் சாயங்காலமே கடற்கரைக்குக் கூட்டிப்போய் அந்த மணலைக் கையில் அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் படத்தின் முன்னால் அவர்களே பேசுவார்கள், நாம் விளக்கவே வேண்டாம். பெரிய படங்களை நாலைந்து அடி தள்ளி நின்று ஒருமுறை, கிட்டப் போய் ஒருமுறை பாருங்கள். கிளம்பும் முன் விடுமுறை நாளையும் பாருங்கள்: தமிழக அரசு அருங்காட்சியகங்கள் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கள்.