டீன் டிராமாவின் முதல் எபிசோடைப் பார்த்துவிட்டு எழுதுவது எப்படி?

புதிதாக ஒரு டீன் டிராமா (பதின்ம வயசுப் பிள்ளைகளின் கதை சொல்லும் தொடர்) வந்ததும் எழுதப்படும் விமர்சனங்களில் பலவற்றை டிரெய்லரை மட்டும் பார்த்தே எழுதிவிடலாம். பசங்க நல்லா நடிச்சிருக்காங்க, ஒளிப்பதிவு பிரமாதம், போகப்போகத்தான் தெரியும். அவ்வளவுதான். படிக்கிறவருக்கு இதில் ஒன்றும் மிஞ்சாது.

முதல் எபிசோட் என்பது இனிப்புக் கடையில் ருசி பார்க்கக் கொடுக்கும் துண்டு. அதில் நெய் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும். அமெரிக்கச் சேனல்களில் முதல் எபிசோடை மட்டும் 'பைலட்' என்று தனியாக எடுத்துக் காட்டி, அது பிடித்திருந்தால்தான் மீதி எபிசோடுகளுக்கு ஆர்டர் கிடைக்கும் என்பது பழைய வழக்கம். இரண்டுக்கும் நடுவே மாதங்கள் ஓடிவிடும், இயக்குநரும் மாறுவார். 2003-இல் ஃபாக்ஸ் சேனலில் வந்த 'தி ஓ.சி.' தொடரின் பைலட்டை எடுத்தவர் டக் லைமன், சினிமா இயக்குநர். அந்தப் பளபளப்பை வைத்து முழு சீசனையும் எடை போட்டால் கணக்குத் தப்பும். அதனால் முடிந்தவரை இரண்டு எபிசோட் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பைலட்டை மட்டும் இரண்டு முறை பாருங்கள். முதல் முறை பேனாவும் வேண்டாம், போனும் வேண்டாம். இரண்டாம் முறை நிமிடக் கணக்கோடு குறிப்பெடுங்கள்: எத்தனையாவது நிமிடம், யார், அவனுக்கு என்ன வேண்டும், குறுக்கே நிற்பது யார். அமெரிக்கச் சேனலின் ஒரு மணி நேர டிராமா விளம்பரம் போக 42 முதல் 44 நிமிடம் வரும். நடுநடுவே திரை கறுத்துப் போகும் இடங்கள் விளம்பர இடைவேளைகள். கறுப்பதற்கு முந்தைய காட்சியில் ஒரு கொக்கி போட்டிருப்பார்கள். அவற்றை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாமே 'யாரோ முத்தமிடுவதை வேறு யாரோ பார்த்துவிடுகிறார்கள்' ரகமாக இருந்தால், கதாசிரியர் கையில் இருப்பது ஒரே ஒரு சரக்கு என்று அர்த்தம்.

அடுத்தது வயசு. 'தி ஓ.சி.'யில் பதினாறு வயசுப் பையன் ரையனாக வந்த பென் மெக்கென்ஸிக்கு அப்போது 24. கலிபோர்னியாவில் 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களை இத்தனை மணி நேரம்தான் வேலை வாங்கலாம் என்று சட்டம் இருக்கிறது. படப்பிடிப்பு இழுத்துவிடும் என்பதால் வளர்ந்தவர்களைப் போடுகிறார்கள். இதைக் குறை என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள், விளைவைப் பாருங்கள். பள்ளிச் சண்டை சாராயக்கடைச் சண்டை மாதிரித் தெரிகிறதா? உடம்பைத் தூக்கிக்கொண்டு நடக்கக் கூச்சப்படும் அந்த வயசின் தடுமாற்றம் காணாமல் போகிறதா? 1994-இல் ஏபிசி சேனலில் வந்த 'மை ஸோ-கால்டு லைஃப்' தொடரில் பதினைந்து வயசு ஆஞ்சலாவாக நடித்த கிளேர் டேன்ஸுக்கு, ஒளிபரப்பு தொடங்கியபோது நிஜமாகவே 15 வயசு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வித்தியாசம் நடையிலேயே தெரியும்.

பெற்றோரைக் கவனியுங்கள். பிள்ளைகள் இல்லாமல் பெரியவர்கள் மட்டும் பேசும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா? 'தி ஓ.சி.'யில் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாட அரசு அமர்த்தும் வக்கீல் ஸாண்டி, கார் திருட்டில் மாட்டிய ரையனை வீட்டுக்கே கூட்டி வந்துவிடுகிறார், மனைவி கர்ஸ்டன் அதைக் கேள்வி கேட்கிறாள். அவள் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் அது சீரிஸின் ஆணிவேர் ஆனது. பணத்தையும் பாருங்கள்: யார் எங்கே தூங்குகிறார்கள் என்பது போதும். ரையனுக்குக் கிடைப்பது வீட்டுக்குள் அறை இல்லை, நீச்சல்குளத்தோரத்து வீடு.

எழுதும்போது உணர்ச்சிக்குப் பெயர் சூட்டாமல் பார்த்ததை எழுதுங்கள். 'ரையனின் தனிமை மனதைத் தொடுகிறது' என்பது வெறும் காற்று. 'காரில் கொண்டுவந்து விடுகிறார்கள், கதவைத் திறந்தால் வீடு காலி, அம்மா கிளம்பிப் போய்விட்டாள்' என்றால் வேலை முடிந்தது. (இருபது வருஷம் தாண்டிய தொடர் என்பதால் முடிவைச் சொல்லலாம். போன வாரம் வந்ததென்றால் முதல் கால் மணி நேரத்தைத் தாண்டி எதையும் உடைக்காதீர்கள்.)

எப்படிப் பார்த்தீர்கள் என்பதையும் ஒரு வரி சேருங்கள். நார்வேயின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்ஆர்கே 2015-இல் தொடங்கிய 'ஸ்காம்', கதையில் காட்சி நடக்கும் அதே கிழமையில் அதே நேரத்தில் துண்டு துண்டாக இணையத்தில் வெளியானது. வார முடிவில் அவற்றைக் கோத்து முழு எபிசோடாகக் கொடுத்தார்கள். அதை ஒரே ராத்திரியில் பார்த்துத் தள்ளியவர் 'மெதுவாகப் போகிறது' என்றால் தவறு தொடர் மேல் இல்லை. பிரிட்டனின் 'ஸ்கின்ஸ்' எபிசோடுக்கு ஒரு பிள்ளையை மையமாக வைத்துப் போகும். முதலாவது டோனியுடையது. அதை மட்டும் பார்த்துவிட்டு மற்றவர்கள் எடுபடவில்லை என்று எழுதினால் அவசரம்.

தமிழ் டப்பிங்கில் பார்த்திருந்தால் ஒரு காட்சியையாவது மூல மொழியில் சப்டைட்டிலோடு ஓட்டிப் பாருங்கள். குரல் வேறொருவருடையது, வாய்க்கு வாய் 'மச்சி' சேர்த்தவரும் வேறொருவர். அந்தப் பழியை நடிகர் மேல் போடாதீர்கள். 'கனா காணும் காலங்கள்' மாதிரி இருக்கிறதா என்று எப்படியும் கேட்பார்கள், ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு நகருங்கள்.

அளவு 400 முதல் 500 சொல். ஒரு காட்சியில் தொடங்கி, ஒரு நடிகரை மட்டும் விரிவாகப் பேசி, உங்கள் ஒரு சந்தேகத்தோடு நிறுத்துங்கள். ஸ்டார் மதிப்பெண் வேண்டாம். எத்தனை சீசன் ஓடும் என்ற ஜோசியமும் வேண்டாம்: இன்றும் கொண்டாடப்படும் 'மை ஸோ-கால்டு லைஃப்' 19 எபிசோடோடு நின்றுபோனது. எழுதியதை ஒரு ராத்திரி ஆறப் போட்டு, காலையில் 'பிரமாதம்', 'வேற லெவல்' எல்லாவற்றையும் அடித்துவிட்டு வெளியிடுங்கள். நாலாவது எபிசோடில் கருத்து மாறினால் பழையதைத் திருத்தாமல், கீழே தேதி போட்டுச் சேருங்கள்.