உணர்வுக்குப் பதில் கடிகாரமும் கண்ணாடியும்: தண்டுவடக் காயத்துக்குப் பிந்தைய பராமரிப்பு

பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாலே நம்மை அறியாமல் சற்று நகர்ந்து உட்காருகிறோம். தூக்கத்திலும் புரண்டு படுக்கிறோம். சிறுநீர் முட்டினால் எழுந்து போகிறோம். தண்டுவடம் அடிபட்டவருக்கு, காயத்துக்குக் கீழே இருக்கும் உடம்பிலிருந்து இந்தத் தகவல்கள் மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை. கால் அசையாதது எல்லோர் கண்ணுக்கும் தெரிவதால் வீட்டாரின் கவலை முழுக்க அதில்தான் இருக்கிறது. ஆனால் வீடு திரும்பியவரை மறுபடி மறுபடி மருத்துவமனைக்கு இழுப்பவற்றில் தோலும் சிறுநீர்ப்பையும் முன்னால் நிற்கின்றன. இரண்டையும் பெருமளவு தடுக்கலாம். உடம்பு சொல்லாததைக் கடிகாரமும் கண்ணாடியும் கைவிரலும் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மருத்துவர் தனியாக அட்டவணை தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

தோல்

எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே சதை நசுங்கும்போது அங்கே ரத்த ஓட்டம் நின்றுபோகிறது. சேதம் பெரும்பாலும் எலும்பை ஒட்டிய ஆழத்தில்தான் தொடங்கும். அதனால் வெளியே நகத்தளவு தெரியும் புண்ணுக்கு உள்ளே உள்ளங்கையளவு குழி இருக்கலாம். படுத்திருக்கும்போது வால் எலும்பு, இடுப்பின் பக்க எலும்பு, குதிகால், கணுக்கால். உட்காரும்போது இரண்டு உட்கார் எலும்புகள். பெரும்பாலான புண்கள் இந்த இடங்களில்தான் வருகின்றன.

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்புவதில் தொடங்குங்கள். தோல் தாங்குகிறது என்று உறுதியான பிறகு, மருத்துவக் குழு சொன்னால் இடைவெளியை நீட்டலாம். நேர் பக்கவாட்டில் 90 டிகிரிக்குத் திருப்பினால் முழுப் பாரமும் இடுப்பின் பக்க எலும்பில் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்து 30 டிகிரி மட்டும் சாய்ப்பதே சரி. கெண்டைக்கால் நெடுக்கத் தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் அந்தரத்தில் நிற்கும்படி செய்யுங்கள். தலைப்பக்கத்தை 30 டிகிரிக்கு மேல் தூக்கி வெகுநேரம் வைத்தால் உடம்பு கீழே சறுக்கும். தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ள, உள்ளே எலும்பு மட்டும் நகரும். அந்த இழுவையில் சின்ன ரத்தக் குழாய்கள் கிழியும். ஆளை இழுத்து நகர்த்தாமல், விரிப்போடு தூக்கி நகர்த்தச் சொல்வதும் இதனால்தான்.

சக்கர நாற்காலியில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை பாரத்தை எடுக்க வேண்டும். இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவதைத்தான் பலருக்கும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அப்படிச் சில விநாடிகளுக்கு மேல் பெரும்பாலானவர்களால் நிற்க முடியாது. நசுங்கிய சதைக்கு ரத்தம் முழுதாகத் திரும்ப ஏறக்குறைய இரண்டு நிமிடம் வேண்டும். தோள்மூட்டும் தேய்ந்துபோகும். பிரேக்கைப் போட்டுவிட்டு, மார்பைத் தொடையை நோக்கிச் சாய்த்து முழு இரண்டு நிமிடம் குனிந்திருங்கள். அது முடியாதவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பிறகு மறுபக்கம் சாயலாம். கைபேசியில் அலாரம் வையுங்கள்; நினைவை நம்பாதீர்கள்.

காலையும் இரவும் தோலைப் பாருங்கள். நீளப் பிடி வைத்த கண்ணாடி இருந்தால் பலர் தாங்களே பார்த்துக்கொள்வார்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்து, மறுபடி சிவந்தால் ரத்தம் ஓடுகிறது. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக நின்றால் அதுவே படுக்கைப்புண்ணின் முதல் கட்டம். அந்த இடத்தில் உட்காருவதும் படுப்பதும் அன்றோடு நிறுத்தம், நிறம் முழுதாகத் திரும்பும்வரை. கருத்த தோலில் சிவப்பு தெரியாமல் போகலாம். பக்கத்துத் தோலைவிடக் கருமையோ ஊதாவோ தெரிகிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக, கெட்டியாக, அல்லது கொழகொழவென்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தைத் தேய்த்துவிடக் கூடாது. தேய்த்தால் சேதம் கூடும்.

நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தையை வாங்கவே வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி, நடுவிலுள்ள தோலுக்கு வரும் ரத்தத்தை நிறுத்திவிடும். காற்று மெத்தை என்றால், ஆள் உட்கார்ந்த பிறகு உட்கார் எலும்புக்கு அடியில் கையை விட்டுப் பாருங்கள். எலும்புக்கும் மெத்தையின் அடித்தளத்துக்கும் நடுவே ஒன்றரை முதல் இரண்டரை செ.மீ. காற்று இருக்க வேண்டும். காற்று அதிகமானாலும் கெடுதல்தான்; உடம்பு மெத்தையில் அமிழாமல் எலும்பு முனையிலேயே பாரம் நிற்கும். குளிக்கும் தண்ணீரின் சூட்டை உணர்வுள்ள கையால் பார்த்த பிறகே ஊற்றுங்கள். சூடான பாத்திரம், மடிக்கணினி எதையும் மடியில் வைக்காதீர்கள்.

சிறுநீர்ப்பை

தானாகச் சிறுநீர் கழிக்க முடியாதவர்களில், கை வேலை செய்பவர்களுக்கும் உதவிக்கு ஆள் இருப்பவர்களுக்கும் நல்ல வழி, நேரத்துக்கு நேரம் கதீட்டர் (சிறுநீர் எடுக்கும் மெல்லிய குழாய்) போட்டுச் சிறுநீரை எடுத்துவிட்டு உடனே கதீட்டரை வெளியே எடுப்பது. ஒரு நாளில் 4 முதல் 6 முறை. ஒவ்வொரு முறையும் அளவைக் குறித்து வையுங்கள், 500 மி.லி.-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் தடவையைக் கூட்டுங்கள், தண்ணீரைக் குறைக்காதீர்கள். பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவருக்கு ரத்தம் குறைகிறது, கிருமி எளிதில் பிடிக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறி, சிறுநீர் சிறுநீரகத்துக்குத் திரும்பவும் கூடும்.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிறப்புறுப்பைத் தண்ணீரால் துடையுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக 12 அல்லது 14 Fr அளவுக் கதீட்டர். ஜெல் தாராளமாகத் தடவுங்கள். ஆண்கள் குறியை வயிற்றை நோக்கி நிமிர்த்திப் பிடித்தால் உள்ளிருக்கும் வளைவு நேராகும். 15 முதல் 20 செ.மீ. போனதும் சிறுநீர் வரும். பெண்களுக்கு 4, 5 செ.மீ. போதும். வந்ததும் இன்னும் 2 செ.மீ. உள்ளே தள்ளுங்கள். வழியில் தடுக்கினால் அழுத்தாதீர்கள்; தசை இறுகியிருக்கிறது. கையை அங்கேயே நிறுத்தி மூச்சை இழுத்துவிடச் சொல்லுங்கள், அரை நிமிடத்தில் இளகும். ஓட்டம் நின்றதும் மெல்ல இழுங்கள். பாதி வழியில் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்தி முழுதாக வடியவிடுங்கள். அவசரத்தில் இந்தக் கடைசி 30, 40 மி.லி.-ஐ விட்டுவிடுபவர்கள் பலர். தேங்குவது அதுதான், கிருமி வளர்வதும் அதில்தான்.

இரவில் மட்டும் அளவு எகிறினால், பகல் முழுக்கத் தொங்கிய காலில் சேர்ந்த நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது என்று பொருள். மாலையில் ஒரு மணி நேரம் காலை உயர்த்திப் படுத்து, தூங்கும் முன் சிறுநீரை எடுத்துவிட்டால் இரவு அமைதியாகப் போகும்.

சிறுநீர் கலங்கலாக இருப்பதை வைத்து மட்டும் ஆன்டிபயாட்டிக் சாப்பிட வேண்டாம். கதீட்டர் போடுபவர்களின் சிறுநீரில் கிருமி இருப்பது சாதாரணம். காய்ச்சல், குளிர் நடுக்கம், நடுவில் திடீர்க் கசிவு, வழக்கத்தைவிடக் கூடிய கால் இழுப்பு, காரணமில்லாத சோர்வு வந்தால்தான் பரிசோதனையும் மருந்தும்.

மலம்

முதலில் குடல் எந்த வகை என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் முறை நேரெதிர். காயம் தண்டுவடத்தின் கடைசி முனைக்கு மேலே இருந்தால் ஆசனவாய் இறுகியிருக்கும், அனிச்சைச் செயல் உயிரோடு இருக்கும். சாப்பிட்டோ சூடாக ஏதாவது குடித்தோ 20, 30 நிமிடத்தில் குடல் தானாக அசையும். அந்த நேரத்தைப் பிடியுங்கள். சப்போசிட்டரியை (ஆசனவாய் வழியே வைக்கும் மருந்து) மலத்துக்குள் செருகாமல் குடல் சுவரில் படும்படி வையுங்கள், 15 நிமிடம் பொறுங்கள். பிறகு கையுறை போட்டு, ஜெல் தடவிய விரலை 2, 3 செ.மீ. உள்ளே விட்டு, 20 விநாடி மெல்ல வட்டமாகச் சுற்றுங்கள். 5 முதல் 10 நிமிட இடைவெளியில் திரும்பச் செய்யுங்கள். தண்டுவடத்தின் கடைசி முனையோ அதற்குக் கீழுள்ள நரம்புகளோ அடிபட்டால் ஆசனவாய் தளர்ந்திருக்கும். விரல் சுற்றினாலும் குடல் அசையாது. தினமும் விரலால் எடுத்துவிட வேண்டும். இவர்களுக்கு மலம் சற்றுக் கெட்டியாக இருப்பதே நல்லது, இளகினால் கசியும்.

நேரம் மாறக் கூடாது. ஒரு முறையை நான்கைந்து தடவையாவது செய்து பார்க்காமல் அது பலிக்கவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். சில நாள் மலம் போகாமல் இருந்து திடீரென்று நீராகப் போனால் அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடாதீர்கள். உள்ளே கட்டி அடைத்திருக்க, நீர் மட்டும் சுற்றி ஒழுகுவது பலமுறை நடக்கிறது.

உயிருக்கு ஆபத்தான தலைவலி

டி6 (நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது) மட்டத்திலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்கள் வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். காயத்துக்குக் கீழே உடம்பில் ஏதோ ஒன்று உறுத்துகிறது. மூளைக்குச் செய்தி போகவில்லை, ஆனால் ரத்தக் குழாய்கள் அனிச்சையாகச் சுருங்குகின்றன. ரத்த அழுத்தம் எகிறுகிறது. மண்டையைப் பிளக்கும் தலைவலி, காயத்துக்கு மேலே முகம் சிவந்து வியர்ப்பது, மூக்கடைப்பு, மயிர்க்கூச்செறிதல், பார்வை மங்கல். இதுதான் ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. கவனிக்காவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு வரை போகும். இவர்களுக்குச் சாதாரணமாகவே ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 90 முதல் 110-தான் இருக்கும். 140 என்பது மற்றவர்களுக்குப் பெரிதல்ல. இவருக்கு அது அபாயம். அதனால் நல்ல நாளில் அளந்த அளவை எழுதி வையுங்கள்.

படுத்திருந்தால் உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிடுங்கள். அழுத்தம் சற்று இறங்கும். பெல்ட், ஷூ, இறுக்கமான உடை, காலில் கட்டிய சிறுநீர் சேரும் பையின் வார் எல்லாவற்றையும் தளர்த்துங்கள். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைப் பாருங்கள். பெரும்பாலும் குற்றவாளி சிறுநீர்ப்பைதான். கதீட்டர் உள்ளேயே இருப்பவர் என்றால், குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர் சேரும் பை நிறைந்திருக்கிறதா, கதீட்டர் அடைத்திருக்கிறதா? குழாய் இல்லையென்றால் மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் ஜெல் தடவி உடனே கதீட்டர் போடுங்கள். வயிற்றைத் தட்டியோ அழுத்தியோ பார்க்காதீர்கள், அதுவே இன்னும் ஏற்றும். சிறுநீர் சரியென்றால் மலம். ஆசனவாயில் அதே ஜெல்லைத் தடவி, குறைந்தது இரண்டு நிமிடம் பொறுத்து, மெல்லப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் புண், உள்நோக்கி வளர்ந்த கால் நகம், அடியில் சிக்கிய பொருள். மேல் அளவு 150-ஐத் தொட்டும் காரணம் அகப்படாவிட்டால் மருத்துவர் எழுதித் தந்த மருந்தைக் கொடுத்து ஆம்புலன்ஸை அழையுங்கள். சில்டனாஃபில் (ஆண்மைக் குறைபாட்டுக்கான மருந்து) சாப்பிட்டிருந்தால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அழுத்தத்தைக் குறைக்கத் தரும் நைட்ரேட் மருந்தோடு சேர்ந்தால் அழுத்தம் ஆபத்தாக விழும்.

மற்றவை

முதல் மூன்று மாதம் காலில் ரத்தம் உறையும் அபாயம் மிக அதிகம். கெண்டைக்கால் சுற்றளவை ஒரே இடத்தில் அளந்து குறியுங்கள். ஒரு கால் மட்டும் வீங்கினால் பிடித்துவிடாதீர்கள், பயிற்சியும் வேண்டாம். அன்றே மருத்துவரிடம் போங்கள். திடீர் மூச்சுத்திணறல் வந்தால் நேராக அவசரப் பிரிவுக்கு. அதே வீக்கம் எலும்பு முறிவாகவும் இருக்கலாம். அசையாத காலில் எலும்பு மெலிந்துபோவதால், படுக்கையிலிருந்து மாற்றும்போது சின்ன முறுக்கலில்கூட முழங்காலை ஒட்டி உடையும், வலியே தெரியாது.

உட்கார வைத்ததும் கண் இருட்டினால் நாற்காலியோடு பின்னால் சாயுங்கள். வயிற்றுப் பட்டையும் கால் உறையும் போட்டுப் படிப்படியாக நிமிர்த்துங்கள். கால் இழுப்பு திடீரென்று கூடினால் மாத்திரையைக் கூட்டும் முன் சிறுநீர், மலம், தோல், நகம் நான்கையும் பாருங்கள். இழுப்பைக் குறைக்கும் பேக்ளோஃபென் மருந்தை ஒருபோதும் சட்டென்று நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம்.

கைப் பயிற்சியில் பலரும் செய்யும் ஒரு தவறு பெரிய இழப்பாகிவிடுகிறது. சி6 (கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் ஆறாவது மட்டம்) காயத்தில் விரல் மடங்காது, ஆனால் மணிக்கட்டை நிமிர்த்த முடியும். அப்படி நிமிர்த்தும்போது விரல் நாண்கள் இழுபட்டு விரல்கள் தானாக மடங்கும். கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் பக்கத்தில் வந்து சேரும். ஒரு தாளையோ பல் தூரிகையையோ பிடிக்க அந்தப் பிடி போதும். அன்போடு தினமும் மணிக்கட்டையும் விரல்களையும் ஒன்றாக நிமிர்த்தி நீட்டினால் நாண் தளர்ந்து அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டை நிமிர்த்தும்போது விரலை மடக்குங்கள், விரலை நீட்டும்போது மணிக்கட்டைத் தொங்கவிடுங்கள்.

சில மாதம் போனபின் எதிலும் நாட்டமில்லாமல், பயிற்சியைத் தட்டிக்கழித்து, தோல் பார்ப்பதையும் விட்டுவிட்டால் அதைச் சோம்பல் என்று திட்டாதீர்கள். மனச்சோர்வுக்குச் சிகிச்சை இருக்கிறது.

உணர்வு முடியும் எல்லை மார்பிலோ வயிற்றிலோ சரியாக எங்கே என்று இன்றே தொட்டுப் பார்த்து, தொப்புளிலிருந்தோ மார்புக்காம்பிலிருந்தோ எத்தனை விரற்கடை என்று எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை சரிபாருங்கள். ஆண்டுகள் கழித்தும் தண்டுவடத்துக்குள் நீர்க்குழி உருவாகலாம். அந்த எல்லை மேலே ஏறினாலோ, இருந்த கைவலு குறைந்தாலோ, காத்திராமல் எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.